எதிர் பிளாக்

ஜன்னலைத் திறந்து வைத்ததும் நான்தான்.
விழுந்த துணிக் கிளிப்பை எடுக்கக் குனிந்ததும்
நிமிர்ந்ததும் நான்தான்.
நடுவில் ஜன்னலின் மூலை இருந்தது.

விபத்து என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது.
பதினாறு வருடம் பேருந்து ஓட்டியவள்,
அப்பர் புக்கிட் தீமாவில் கண் தெரியாத மழையிலும்
ஒரு பக்கக் கண்ணாடியைக்கூட உரசாதவள்
சொந்தச் சமையலறையில்
ஒரு கிளிப்புக்குத் தோற்றேன்.

ஸ்கேன் சுத்தம் என்றார் டாக்டர் ஆங்.
பத்து நாள், மிஞ்சினால் இரண்டு வாரம்.
எம்சி தாளை ஃபிரிட்ஜில் காந்தம் வைத்து ஒட்டினேன்.
இது பதினோராவது வாரம்.
ஒன்றன்மேல் ஒன்றாகத் தடித்துப்போய்
காந்தம் பிடிக்காமல் சரிகின்றன தாள்கள்.

கட்டு இல்லை. தழும்பு இல்லை.
ரயிலில் யாரும் எனக்கு எழுந்து இடம் தருவதில்லை;
நானாயிருந்தாலும் தந்திருக்க மாட்டேன்.
அறிவிப்பு ஆங்கிலத்தில் வருகிறது
சீனத்தில் வருகிறது
மலாயில் வருகிறது
தமிழ் வந்து சேர்வதற்குள் தலை நிரம்பிவிடுகிறது.
மூடிய கதவுக்கு வெளியே
நின்றுவிடுகிறது என் மொழி.

செவ்வாய்க்கிழமை நன்றாக இருந்தேன்.
சந்தைக்குப் போய் வஞ்சிரம் வாங்கினேன்,
குழம்பில் உப்பு சரியாக இருந்தது.
மகனோடு சண்டைகூடப் போட்டேன்,
முழு வாக்கியங்களில்.
'குணமாயிட்டேன்' என்று தங்கைக்குச் செய்தி போட்டேன்.

புதன்கிழமை பக்கத்து வீட்டில் மிக்சி ஓடியது.

ஈரத்துணியைக் கண்மேல் போட்டுக்கொண்டு
போட்ட செய்தியை அழிக்க
இன்னும் நேரமிருக்கிறதா என்று கிடந்தேன்.

படிப்படியாகச் சரியாகும் என்கிறார்கள்.
படி என்றால் எதற்குமேல் எது என்று தெரியுமே.
இது எங்கள் பிளாக்கின் பழைய லிஃப்ட்.
ஏழாம் மாடி வரை ஏறும்.
யாரும் அழுத்தாமலே இரண்டாம் மாடிக்கு இறங்கும்.
கதவு திறக்கும்.
அங்கே ஒருவரும் நின்றிருக்க மாட்டார்கள்.

அதியன் அதிகம் பேசுகிற பையன் இல்லை.
'பாக்க நல்லாத்தானம்மா இருக்கீங்க' என்று
முதல் மாதம் ஒரு முறை சொன்னான்.
இப்போது மைக்ரோவேவ் கூவுவதற்கு
ஒரு நொடி முன்னால் ஓடிப்போய்
கதவைத் திறந்துவிடுகிறான்.
தேர்வுக்குப் படிக்கிற நேரத்திலும்
ஒரு காது அடுப்படியில் இருக்கிறது.
அதற்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியாமல்
'மெதுவா ஓடு, வழுக்கும்' என்கிறேன்.

இரவில் என் வழித்தடத்தைச் சொல்லிப் பார்க்கிறேன்,
விரல் மடக்கி.
பிளாக் 188. எதிர் பிளாக் 210.
கோயிலுக்கு முன். பள்ளிக்குப் பின்.
திங்கள் இரவு இருபத்து மூன்று நிறுத்தம் வந்தது,
மறுநாள் ஒன்பது.
வெள்ளி இரவு பதினேழு; அதில் இரண்டு
வேறு வழித்தடத்தினுடையவை.

சனிக்கிழமை காலை, கூட்டமில்லாத நேரம் பார்த்து
கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு
பயணியாக ஏறினேன்.
ஓட்டியது கமாருதீன்.
அட்டையைத் தட்டியபோது வந்த ஒலிக்கு
என் தோள் சுருங்கியதைப் பார்த்தவன்
எதுவும் கேட்கவில்லை.
எங்களுக்குள் அவனைத் திட்டாத ஆளில்லை,
பிரேக்கில் கால் வைத்தால் நின்றவர் உட்கார்ந்துவிடுவார்.
அன்று ஒவ்வொரு நிறுத்தத்துக்கும்
வண்டி நிறைய முட்டை ஏற்றியவன்போல
வந்து நின்றான்.

முதல் நிறுத்தம். இரண்டாவது.
மூன்றாவதில் ஒரு குழந்தை அழுதபடி ஏறியது,
வெளியே மரங்கள் ஓட ஆரம்பித்தன, நிற்கவில்லை.

நான்காவதில் இறங்கினேன்.
என்னை விட்டுவிட்டு வண்டி போனது,
சரியான நேரத்துக்கு, ஒரு நிமிடம்கூடத் தாமதமில்லாமல்.
அது கொஞ்சம் வலித்தது, வேறு இடத்தில்.

பெஞ்சில் உட்கார்ந்து கண்ணை மூடி
எங்கே இறங்கினேன் என்று யோசித்தேன்.
பதினாறு வருடம் தினமும் எட்டு முறை நின்ற இடம்.
வரவில்லை.

எழுந்து, பலகையருகே போய்,
மெதுவாகப் படித்தேன்.